முப்பது மைக்ரான்

கல்லூரியில் மிஷின் ரிப்பேராம்.
தில்ஷாத் மேடம் பஸ் ஏறி பர்கூர் வந்து
எங்கள் கிரானைட் பட்டறை வாசலில்
டிபன் டப்பாவைத் திறந்தார்.
பஞ்சுக்குள்
கட்டைவிரல் நகம் அளவில் கறுத்த சில்லு ஒன்று.
ஸ்காட்லாந்துக் கல் என்றார்.
எனக்கென்னவோ சூளகிரி ரோட்டோரம் கிடப்பது போலிருந்தது.

"வெளிச்சம் ஊடே வர்ற வரைக்கும் தேய்க்கணும், திம்மராயன்."

பதினாறு வருசமாய்
முகம் தெரியும்வரை தேய்த்திருக்கிறேன்.
இப்படி யாரும் கேட்டதில்லை.

கண்ணாடித் துண்டில் ஒட்டி
ஈரப் பவுடரில் கையாலேயே,
லைசென்சுக்குப் போடுகிற எட்டு போல்
எட்டு, எட்டு, எட்டு.
மத்தியானம் கரண்ட் போனதுகூடத் தெரியவில்லை.
கறுப்பு தேனாகி
தேன் டீத்தண்ணியாகி
போதும் போதும் என்று அவர் கத்தியபோது
விரல்நுனியில் கல்லே இல்லை.

மைக்ராஸ்கோப்பில் முதலில் என்னைத்தான் பார்க்கச் சொன்னார்.

நீளநீளமாய் அறைகள். குளத்துப் பாசி.
வெந்நீர் ஊற்றின் மணல்சத்து உள்ளே இறங்கி
அழுகும் முன்னே கல்லாய் உறைந்தது.
நாற்பது கோடி வருசம்.
எல்லா அறையும் ஒரே அகலம்,
ஒன்று மட்டும்
புளியங்கொட்டை விழுங்கிய ஓணானாய்
பத்து மடங்கு வீங்கி.
அதன் சுவரில் கடுகு கடுகாய் ஏதோ.

"பூஞ்சை. உயிரோட இருக்கும்போதே தின்னிருக்கு."

எப்படித் தெரியும்?

"செத்தது வீங்காதே."

எங்கள் கல்லில் இப்படி யாராவது உண்டா என்றேன்.
உங்கள் கல் இதைவிட ஆறு பங்கு கிழம்,
அதற்குள் ஒருத்தரும் இல்லை என்றார்.
யாருமில்லாத வீட்டையா
இத்தனை வருசம் கழுவித் துடைத்தேன்.

கூலி வேண்டாமென்றேன். பப்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு
நாலரை பஸ்ஸில் போனார், டப்பாவை மடியில் வைத்து.

ஆடியில் கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில் எடுத்த
எக்ஸ்ரே என் சைக்கிள் பையில்தான் இருக்கிறது.
வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் ஒன்று,
வெள்ளையாய், உருண்டையாய்.
கல்தூளைச் சுற்றி உடம்பு கட்டுகிற முடிச்சு என்றார் டாக்டர்.
அன்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.
இன்று ஷட்டர் இடுக்கு வெயிலில்
தூக்கிப் பிடித்து
ரொம்ப நேரம் பார்த்தேன்.

கரண்ட் வந்தது.
பெரிய மிஷின் தானாகச் சுற்ற ஆரம்பித்தது.
துண்டை நனைத்து மூக்கைக் கட்டினேன்,
வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடுதலாய்.