மீதி வசவு

சாத்தாங்காடு யார்டில்
எடைமேடைக் கூண்டுக்குள் இருப்பவள் நான்.
வெற்று வண்டி ஒரு தரம், சுமை வண்டி ஒரு தரம்.
கழித்தால் வருவது சரக்கு.
ஒன்பது வருஷமாக எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான்.

மேனேஜர் ஜோதிலிங்கம் சாரை மட்டும்
இந்தக் கணக்கில் போட முடிந்ததில்லை.

எங்கள் யாருக்கும் அவரிடம் பெயர் கிடையாது.
நான் "ஏ எடை". லூர்து "ஏ கேட்டு".
தேசப்பன் வெறும் "ஏ".

அன்றைக்கு மழை விட்டிருந்தது.
மணலிப் பக்கமிருந்து வழக்கமான கேஸ் நாற்றம்.
ட்ரெய்லர்கள் மெயின் ரோடு தாண்டி வால் நீட்டி நிற்க,
சீல் நம்பரில் ஓர் எட்டை
மூன்று என்று எழுதிவிட்டான் தேசப்பன்.
மழையில் இடப்பக்கம் கரைந்துபோன எட்டு அது.
சார் தாளைக் கசக்கி அவன் மார்பில் எறிந்தார்.
"உங்கப்பன் உன்னை" என்று ஆரம்பித்தார்.
ஃபோன் அடித்தது.

"சொல்லுங்க சார்."

அந்தக் குரலை என்னவென்று சொல்ல.
ஆடை கலையாமல் பால் டம்ளரைக் கீழே வைப்பார்களே, அப்படி.
ஃபோனுக்குக் கண் கிடையாது என்று தெரிந்தும்
முதுகு ஒரு சாண் தானாகக் குனிந்தது.
நுங்கம்பாக்கத்தில் டைரக்டர் வீட்டு நாய்க்குப்
பல் பிடுங்கியிருக்கிறார்களாம்.
"அடடா, ரோஸி சாப்பிடுதா சார்?
கஞ்சியா குடுக்கச் சொல்லுங்க சார்.
பாவம், வாயில்லா ஜீவன்."

வாயுள்ள ஜீவன் எதிரே நின்றுகொண்டிருந்தது.
போ என்று யாரும் சொல்லவில்லை.
பாதி வசவோடு எப்படிப் போவது?
டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்த
மீதிச் சில்லறைக்காகக்
கண்டக்டர் பக்கத்திலேயே நிற்பவன் மாதிரி நின்றான்.
சட்டை சொட்டிச் சொட்டிக்
காலடியில் ஒரு சின்னக் குளம்.
வெளியே ஹாரன்கள்.
நான் கழுத்தைத் திருப்பவில்லை.
திரையில் சிவப்பாக, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

பதினாறு நிமிஷம்.
வைத்துவிட்டுத் திரும்பியபோது அவர் முகத்தில்
ரோஸிக்கான சிரிப்பு இன்னும் காயவில்லை.
"நீ இன்னாடா இங்க நிக்கிற?"

தேசப்பன் கொஞ்சம் யோசித்தான்.
"மறந்துட்டேன் சார்" என்றான்.

மாசக் கடைசியில் டைரக்டர் வந்தார்.
ராயபுரம் பேக்கரியிலிருந்து கேக்.
அவருக்கு மட்டும் சர்க்கரை போடாத காபி,
அதைச் சாரே கையில் ஏந்திவந்தார்.
கூண்டுக்குள் எட்டிப் பார்த்து டைரக்டர் கேட்டார்:
"ஜோதி தங்கமான மனுஷன், இல்லம்மா?"

தங்கத்தை நிறுக்க இந்த மேடைக்கு வக்கில்லை,
இருபது கிலோவுக்குக் கீழே இதற்குக் கண் தெரியாது சார்.
இதைச் சொல்லியிருக்கலாம்.
"ஆமா சார்" என்றேன்.
சிரிக்கவும் சிரித்தேன்.

அவர் கார் கேட்டைத் தாண்டுவதற்குள்
கூண்டைப் பெருக்க அஞ்சலாட்சி வந்தாள்.
மூலையில் எண்ணூர்ச் சாம்பல் அப்படியே கிடந்தது.
"உனக்கெல்லாம்" என்று கத்த ஆரம்பித்தேன்.

ஏதாவது ஒரு ஃபோன் அடிக்காதா என்றிருந்தது.
அடிக்கவில்லை.
துடைப்பத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு
அவள் காத்திருந்தாள்.