இடது முன்பக்கம்

தெலோக் பகாங் தாண்டி
மூன்றாவது கொண்டை ஊசி வளைவில்தான்
முதலில் கேட்டது அந்த டொக்.
பிறகு பாலிக் பூலாவ் வரை
பள்ளத்துக்குப் பள்ளம் ஒரு டொக்,
வட்டிக்குக் கொடுத்தவன் வாசலில் நின்று
அவசரமில்லாமல் தட்டுவதுபோல.

பூன் செங் குனிந்து பார்த்தான்.
உள்விளிம்பு மட்டும் மொட்டையான டயரை
விரலால் தடவினான்.
"அறுபத்தேழு எம்ஜி. என்னைவிட மூத்தது.
சாமான் கிடைக்காது லா. வித்துடு."
வித்துடு என்று எனக்குச் சொன்ன
எட்டாவது ஆள் அவன்.

சாவி என்னிடம்.
கிராண்ட் குணரத்தினத்தின் பேரில்.
வீட்டைப் பிரித்தோம், சேமிப்பைப் பிரித்தோம்,
இட்லிப் பானையைக்கூட எழுதி வாங்கிக்கொண்டேன்.
காரை மட்டும் வக்கீலம்மா
'பிறகு பேசலாம்' என்ற வரிசையில் போட்டார்.
அந்தப் பிறகுக்கு
இப்போது ஆறு வயது.

சீமையிலிருந்து பொட்டலம் வந்தது.
உள்ளே நாலு புஷ்,
உளுந்து வடைக்குப் பிறந்த குட்டிகள் மாதிரி,
நடுவில் இரும்புக் குழல்.
கையேட்டில் ஒரு வரி:
ஸ்பிரிங்கைத் தனியாகக் கழற்ற முயலாதீர்.
மூன்று முறை படித்தேன்.
பிறகு அனுப்பினேன்:
'ஞாயிறு. ஜாக்கி பிடிக்க ஆள் வேண்டும்.'

வந்தார். கையில் ரொட்டி சானாய்,
சொந்தக் கையுறை.
பசியாறியாச்சா என்று இருவருமே கேட்கவில்லை.

ஏத்து.
இன்னும்.
போதும்.
இரு, இரு.
பதினோரு வருஷக் கல்யாணத்தில்
இவ்வளவு குறைவாகப் பேசி
இவ்வளவு சரியாக நாங்கள்
எதையும் செய்ததில்லை.
மேல் ஆணி நழுவியது.
ஜாக்கியை அவர் அங்குலம் அங்குலமாக இறக்க
எம்பினால் முகத்தைப் பெயர்த்திருக்கும் ஸ்பிரிங்
தூங்கி எழுந்தது மாதிரி நீண்டது.

பழைய புஷ் விரலில் கருப்பாய் உதிர்ந்தது.
ரப்பர் என்கிறது கையேடு.
எங்கள் வீட்டில் அதற்குப் பேர் கித்தா.
இங்கிருந்து பாலாகக் கப்பலேறி
காராகித் திரும்பி வந்ததோ என்னவோ.
முகர்ந்து பார்த்தேன்.
அப்பா சட்டையில் துவைத்தும் போகாத அந்த நாற்றம்
இதில் இல்லை.
நல்லது என்றுதான் தோன்றியது.

புதுசு உள்ளே போக மறுத்தது.
அவர் கிரீஸ் டப்பாவைத் திறந்தார்.
"கிரீஸ் கூடாது. கித்தாவைத் தின்னுடும். சவுக்காரத் தண்ணி."
"எப்பவும் நீதான் சரி."
அதே வாக்கியம், அதே இறக்கம்.
ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.
அவர் எழுந்து நேரே அடுப்படிக்குப் போய்
சிங்குக்குக் கீழ் அலமாரியைத் திறந்தார்.
அங்கே இப்போது பூனைச் சாப்பாடு.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.
"பூனை வளர்க்கிறியா?"
அன்று முழுக்க
அவர் என்னைப் பற்றிக் கேட்டது அது ஒன்றுதான்.
"ரெண்டு," என்றேன்.
"சோப்பு மேல் தட்டில்."

கடைசி முடுக்கு மட்டும்
தூக்கி நிறுத்திய நிலையில் கூடாதாம்.
சக்கரம் தரை தொட்டு
வண்டியின் பாரம் வண்டிமேல் இறங்கியபின்தான்
போல்ட்டை இறுக்க வேண்டும்.
அந்தரத்தில் இறுக்கினால்
நின்றாலும் ஓடினாலும்
கித்தா முறுக்கியபடியே கிடந்து
ஒரு நாள் கிழியும்.
இதை நான் சத்தமாகப் படித்தேன்.
அவர் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார்,
துடைத்து முடிந்த பிறகும்.

சாயங்காலம் தஞ்சோங் பூங்கா வழியாகக் கடலோரம்.
நான் ஓட்டினேன்.
இருப்பதே இரண்டு இருக்கை.
இடது சக்கரத்துக்கு மேலாகச் சாய்ந்து
காதைக் கதவோடு வைத்துக்கொண்டார்.
பள்ளம். ஒன்றுமில்லை.
பெரிய பள்ளம். ஒன்றுமில்லை.
பத்து ஃபெரிங்கி வந்ததும் நிமிர்ந்தார்.
"வலது பக்கம் ஏதோ கேட்குது."

எனக்கும் கேட்டது.
பதில் சொல்லாமல்
ரேடியோவுக்குக் கை நீட்டினேன்.
இந்தக் காரில்
ரேடியோ எப்போதுமே இருந்ததில்லை.