மநாபூ

டோ மியா ச்செய், டோ மியா ச்செய் என்று
மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான்
அது நான் என்று எழுந்தேன்.
வீட்டில் வேதாம்பாள்.
அடையாள அட்டையில் மட்டும் மியா ச்செய்.
மோல்மீன் ஆஸ்பத்திரி, மாடி, கடைசி அறை.
ஜன்னலுக்கு வெளியே ஓயாத ஆவணி மழை.

செங்கமலம் சொல்லி அனுப்பியிருந்தாள்:
ஒன்றுக்குப் போய்விட்டு ஏறு.
கால் சில்லிட்டுப் போகும், காலுறை கொண்டு போ.
வீட்டிலிருந்த ஒரே ஜோடி
மகனின் பந்தாட்டக் காலுறை.
முழங்கால் வரை மஞ்சள்,
வலது கட்டைவிரலில் ஓட்டை.
அதோடுதான் படுத்தேன்.

தமெய்னை அவிழ்க்கவா என்றேன்.
வேண்டாம், முடிச்சைத் தளர்த்து மேலே ஏற்றினால் போதும்
என்றார் சயாமா.
பெண் டாக்டரை இங்கே அப்படித்தான் அழைப்போம்.
கொடியில் காயும் தமெய்னுக்கு அடியில்
ஆண்கள் நடக்க அஞ்சும் ஊர் இது,
அவர்களின் பலம் போய்விடுமாம்.
என் முழங்கால் மேல் அந்தத் துணி கூடாரமாய் நின்றது.
போன பலமெல்லாம் இங்கேதான்
சேர்ந்திருக்க வேண்டும்.

கொஞ்சம் கீழே வா.
வந்தேன்.
இன்னும்.
விழுந்துவிடுவேன் போலிருந்தது.
இன்னும் ஒரு விரற்கடை.
கட்டில் முடிந்துவிட்டது,
நான் முடியவில்லை.

வாத்தலகு மாதிரி ஒரு வெள்ளைச் சாமான்.
அதை வெந்நீரில் முக்கி
முதலில் என் தொடையில் வைத்துக் காட்டினார்.
சூடு சரியா?
பால்புட்டியைப் புறங்கையில் பார்ப்பேனே, அதுபோல.
நாற்பத்து நான்கு வயதாகிறது,
இந்த உடம்பிடம் யாரும் இப்படி
விசாரித்ததில்லை.

பிறகு, நாதலா? என்றார்.
இந்த ஊரில் நா என்றால் வலி.
எங்கள் பேச்சில் நா என்றால் நாக்கு.
வலிக்கிறதா என்று யார் கேட்டாலும்
உனக்கு நாக்கு இருக்கிறதா என்றே
சின்ன வயதிலிருந்து என் காதில் விழும்.

மநாபூ, என்றேன்.
வலிக்கவில்லை.
மூன்று பிள்ளை பெற்றபோதும் அதே.
பருப்பு மூட்டை முதுகில் சரிந்தபோதும் அதே.
கல்யாணமான ராத்திரி
யாரும் கேட்காமலே அதே.
வாயில் ஒரு பூவைச் செருகிவிட்டு
முடிகிற சொல்.

சயாமா நிமிர்ந்தார்.
வாய் மநாபூ என்கிறது,
கால்விரல் வேறென்னவோ சொல்கிறதே.
பார்த்தேன்.
மஞ்சள் ஓட்டையில் கட்டைவிரல்
நண்டுபோல் மடங்கி வெளுத்திருந்தது.

நாதே, என்றேன்.
எனக்கே கேட்கவில்லை.
நாதே, சயாமா. வலிக்கிறது.

எல்லாம் நின்றது.
எடுத்துவிட்டார்.
பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை,
பிள்ளை பெற்றவள்தானே என்று சொல்லவில்லை.
தட்டில் உலோகம் உரசியது,
இன்னும் சின்னதாய் ஒன்றைத் தேடுகிறார்.
கன்னத்தில் தனக்கா பூசிய தாதி
கையைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்றாள்.
வேண்டாம் என்றேன்.
விட்டுவிட்டாள்.
பிடித்திருந்தால்கூட
இவ்வளவு இதமாய் இருந்திருக்காது.

இடுப்பைத் தூக்காதே, பாரமாய் விடு.
மூச்சைக் கட்டாதே, ஊது,
அடுப்பு ஊதுவாயே, அப்படி.
ஊதினேன்.
சுவர் இடுக்கில் தௌத்தே கத்தத் தொடங்கியது.
அந்தப் பெரும்பல்லி எத்தனை தரம் கத்துகிறதென்று
எண்ணுவது எங்கள் தெருப் பழக்கம்.
ஒன்று. இரண்டு.
சின்ன அலகு வந்தது தெரிந்தது. மூன்று.
அழுத்தம்தான்,
வலி என்று சொல்ல மாட்டேன், நான்கு,
தூரிகையோ குச்சியோ ஏதோ ஒன்று
சுருக்கென்று சுழன்று, ஐந்து,
முடிந்தது, எழுந்திரு என்றார்.
மீதியைப் பல்லி
தனியாகக் கத்தியிருக்கும்.

கீழே குடையோடு செங்கமலம்.
வலிச்சுதாடி?
பழைய பூ நுனிநாக்குவரை வந்தது.
வலிச்சுது. சொன்னேன். நிறுத்தினாங்க.
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை,
காலைப் பார்த்துச் சிரித்தாள்.
காலுறையைக் கழற்ற மறந்து
அதன் மேலேயே செருப்பு.
கடைத்தெரு முழுக்க
ஓட்டை வழியே கட்டைவிரல்
மழையைப் பார்த்துக்கொண்டு வந்தது.