இரண்டாம் வகுப்பின் அடி

பள்ளிச் சுவரிலிருந்து அலை நுனிவரை
ஐம்பத்தெட்டு அடி.
போன மார்ச்சில், நீர் இறங்கிய வேளையில்,
ஒட்டிலியாவின் இரண்டாம் வகுப்பு
காலால் அளந்து கரும்பலகையில் ஏற்றிய கணக்கு.

என்னிடம் கருவி உண்டு.
முக்காலி, கம்பம், தலைக்கு மேலே
கண்ணுக்குத் தெரியாத எட்டுச் செயற்கைக்கோள்.
அவை சொன்னது முப்பத்தொரு மீட்டர்,
முன்னேபின்னே ஒன்றரை.
அந்த முன்னேபின்னேயில்தான் என் சம்பளம்.

அரேயா ஃபுண்டாவின் பழைய மத்தி ஆலையில்
நான்கு மேசை எங்களுக்கு.
கரை அரிப்பு, நகரத் திட்டம், சுற்றுலா, ஆசிரியர் பயிற்சி.
மானிய விண்ணப்பத்தில் நான்கு கட்டம் இருந்தது,
அதனால் நால்வரானோம்.
மழை நாளில் சுவர் இன்னும் மீன் வியர்க்கிறது.

ஜெனொவேவாவுக்கு மணல் என்றால் குடை.
ஒரு குடைக்கு ஒன்பது சதுர மீட்டர்.
ஆறு மீட்டர் போய்விட்டது என்று நான் சொன்னால்
விரல் மடக்கி, வாய் முணுமுணுத்து,
"முந்நூறு குடை" என்கிறாள்
இழவுச் செய்தி கேட்டவள் போல.

பெல்மிரோ கோடு போடுகிறவன்.
அவன் சிவப்புக் கோட்டுக்கு மேற்கே
ஒரு செங்கல் வைக்கக் கூடாது.
கோடு மூன்றாம் வகுப்பின் நடுவே நுழைந்து,
புது ஹோட்டலின் நீச்சல்குளத்து ஓரத்தைக் கடித்து,
தேவாலயத்தின் பின்பக்கம் வெளியேறுகிறது.

மேயர் என்னை அழைத்தார்.
காப்பி வாங்கித் தந்தார்.
"உங்கள் ஒன்றரை மீட்டரைக்
கடல் பக்கமாக வைத்துக்கொண்டால் என்ன?
பொய் இல்லையே. அதுவும் உங்கள் எண்தானே."
பள்ளிக்கு ஒன்றரை போதாது.
குளத்துக்குப் போதும்.
யோசிக்கிறேன் என்றேன்.
யோசிக்க என்ன இருந்தது அதில்?
காப்பி நன்றாக இருந்தது.

இந்த மார்ச்.
அதே பிள்ளைகள், இப்போது மூன்றாம் வகுப்பு.
நாற்பத்தொன்று.
பதினேழு அடியைக் கடல் தின்றதென்று ஒரே கூச்சல்.
ஒட்டிலியாவுக்குப் பயிற்சியின் கடைசி மாதம்.
முதுகுக்குப் பின்னே மதிப்பெண் தாளோடு மேற்பார்வையாளர்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
புதிய இரண்டாம் வகுப்பைக் கூப்பிட்டு நடக்கவிட்டாள்.

நாற்பத்தேழு.

கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
பிறகு டோமே குனிந்து தன் காலையே பார்த்தான்.
"ஆறு அடி நாங்கள்" என்றான்.
"பதினொன்றுதான் கடல்."
என் கருவியும் அதையே சொன்னது,
மூன்று மணி நேரம் கழித்து.

புதியவர்களில் இனாசியாவுக்கு மட்டும் எழுபத்துமூன்று.
நாக்கைக் கடித்துக்கொண்டு, ஈர மணலில்
குருவி வைக்கிற மாதிரி வைத்து வைத்து நடந்தாள்.
ஏன் இப்படி என்று கேட்டதற்கு,
"அப்பாவின் ஐஸ்கிரீம் கடை அந்தப் பக்கம் இருக்கிறது."

யாரும் சிரிக்கவில்லை.
அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள்.
அவள் நகர்த்தப் பார்த்தது அம்மியை அல்ல.
நான் சட்டைப் பையில் கைவிட்டேன்,
மேயரின் காப்பிக் கடை ரசீது இன்னும் இருந்தது.

ஒட்டிலியா அந்த எண்ணை அழிக்கவில்லை.
நாற்பத்தேழுக்குக் கீழே எழுபத்துமூன்று,
பக்கத்தில் பெயர்.
மேற்பார்வையாளர் தாளில் எதையோ குறித்தார்.
நல்லதோ கெட்டதோ.

மாலையில் அறிக்கையைத் திறந்தேன்.
இருபத்தைந்து, முன்னேபின்னே ஒன்றரை.
தள்ளுகிறவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தள்ளட்டும்,
பக்கத்தில் பெயர் எழுதட்டும்
என்று ஒரு வரி சேர்த்தேன். அழித்தேன்.
திரும்பவும் சேர்த்தேன்.

நான் உள்ளே இருப்பது தெரியாமல்
பெல்மிரோ விளக்கை அணைத்துவிட்டுப் போனான்.
இருட்டில் கடல் கேட்டது.
சத்தத்தை வைத்து எத்தனை அடி என்று
சொல்ல முடியாது, தெரியும்.
எண்ணிக்கொண்டிருந்தேன்.