ஐம்பத்தொன்றில் கம்பி

மேலே பதினான்கு, கீழே பன்னிரண்டு.
நாக்கால் எண்ணிப் பார்த்துவிட்டேன்.
எண்ணுவது என் தொழில்.
மொந்தேவிதேயோவில் பேருந்து நடத்துநர் நான்,
இருபத்தாறு வருடமாக
வில்மாரின் முதுகுக்குப் பின்னால் ஓர் உயர்ந்த இருக்கை,
மடியில் சில்லறைத் தட்டு.

ஒட்டுவதற்கு முன்
உதடுகளைப் பிளாஸ்டிக் வளையத்தால் பிளந்து வைத்தாள்
டாக்டர் மிலாக்ரோஸ். முப்பதுகூட இருக்காது அவளுக்கு.
எச்சில் வழிய விளக்கைப் பார்த்துக் கிடந்தேன்.
கட்டியவனுக்கும் சரியாகக் காட்டாத தெத்துப்பல்லை
அந்தப் பெண் விரலால் தட்டி
"இவரைத்தான் முதல்ல நகர்த்தணும்" என்றாள்,
படிக்கட்டை மறித்து நிற்கிற பயணியைச் சொல்வதுபோல.

உள்ளே போங்க, உள்ளே போங்க என்று
நாளெல்லாம் கத்துகிறவள்தானே நானும்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
இன்னொன்றும் காட்டினாள்:
கடைவாயில் எல்லாம் தேய்ந்து தட்டையாகிக் கிடந்தன.
"தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீங்க."

தூக்கத்திலா!
கடனையெல்லாம் என் பெயரில் எழுதிவைத்துவிட்டு
ஹொராசியோ எல்லை தாண்டிப் போன வருடம்,
ஃபாகுந்தோ பள்ளிக்கூடம் போகாமல்
துறைமுகத்தில் திரிந்த வருடம்,
அதற்கடுத்த வருடம்,
பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றார்கள்.
இருந்தேன்.
ஆகியிருக்கிற செலவு
அரை மில்லிமீட்டர்.

முதல் மூன்று இரவும் பூசணி சூப்.
வாய்க்குள் யாரோ வீடு மாறுகிறார்கள்,
கட்டிலையும் பீரோவையும்
தரையோடு இழுக்கிறார்கள்.
ரொட்டித்துண்டு கண்ணீர் வரவழைத்தது.
ஞாயிற்றுக்கிழமை விலா எலும்புக் கறியைக்
கத்தியால் சுரண்டி அரிசி அளவுக்கு நறுக்கித் தின்றேன்.
நாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

விடியற்காலை நாலரை, டிப்போ.
ஆற்றிலிருந்து காற்று எலும்புவரை வருகிறது.
மாத்தே குடுக்கை கைமாறிக் கைமாறி வருகிறது,
ஆறு பேருக்கும் ஒரே வெள்ளிக் குழல்.
என் முறை.
டிங்.
ஒரு நொடி யாரும் பேசவில்லை.
"நேலிதா மணியடிச்சாச்சு" என்றான் வில்மார்,
"வண்டிய எடுக்கலாமா?"

சிரித்தேன். கையால் மறைக்க மறந்துபோய்.

அக்கா மிர்த்தாவுக்குத்தான் பொறுக்கவில்லை.
பதினெட்டுத் தவணை என்றதும் கேட்டாள்,
"இந்த வயசில உன்னை யார் பார்க்கப் போறாங்க?"
அப்போது பதில் வரவில்லை.
இரவில் வந்தது.
ஒவ்வொரு கட்டியாகச் சுற்றி, கம்பிக்கு அடியில் நுழைத்து,
கீரைத் துணுக்கை நோண்டியெடுத்து,
பதினேழு நிமிடம் ஆகிறது தேய்த்து முடிக்க.
பதினேழு நிமிடம் கண்ணாடி முன்னால்.
தலைவார அரை நிமிடம் போதும் என்றிருந்தவள்.
இடது கண் வலதைவிடக் கொஞ்சம் சின்னது எனக்கு.
யாரும் சொன்னதில்லை.

நாலாவது மாதம் தெத்துப்பல் இடம் மாறிவிட்டது.
நாக்குக்கு இன்னும் தகவல் போகவில்லை.
பழைய விலாசத்துக்குப் போய்த்
தட்டிப் பார்த்துத் திரும்புகிறது.
எனக்கும் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.
கோணலோ மாணலோ,
ஐம்பது வருடம் கூட இருந்தது.

போன வாரம் அடையாள அட்டை புதுப்பிக்கப் போனேன்.
பழைய அட்டையில்
ஒட்டிய தபால் உறை மாதிரி என் வாய்.
"சிரிக்கக் கூடாது, வாயை மூடுங்க" என்றான் பையன்.
மூடினேன். மூடவில்லை.
கம்பியைத் தாண்டி உதடு எட்டவில்லை.
இரண்டாம் தரம் முயன்றோம், மூன்றாம் தரமும்.
வரிசையில் இருமல் கேட்டது.
"சரி, போகட்டும்" என்று அமுக்கிவிட்டான்.

கம்பி இன்னும் இருபது மாதம்.
அட்டை பத்து வருடம் செல்லும்.
கழற்றிய பிறகும் எட்டு வருடத்துக்கு மேல்
கேட்கிற இடத்திலெல்லாம் நீட்டுவேன்.
படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கட்டும்,
சந்தேகம் வரட்டும்,
வாயைத் திறந்து காட்டச் சொல்லட்டும்.