எண் 47, எட்டு வாரம்

பீளமேட்டில் எங்கள் ஆய்வகத்துக்கு
ஐஸ் பெட்டியில் வந்து சேர்கிறது
யாரோ ஒருத்தியின் எட்டு வாரம்,
இன்னொருத்தியின் ஏழு வாரம் நாலு நாள்.
பேர் வராது.

மெழுகில் புதைத்து,
மயிரிழையில் இருபதில் ஒன்றாய்ச் சீவி,
கண்ணாடியில் ஏற்றிச் சாயம் விட்டால்
விரலி மஞ்சளைக் குறுக்கே அரிந்தாற்போல
வட்டம் வட்டமாய் நஞ்சுக்கொடியின் விரல்கள்.
நொதி இருக்குமிடம் பழுப்பு.
மற்றதெல்லாம் நீலம்.

வேண்டாமென்று வந்தவளுடையதில்
சேலைக்குக் கரைபோல ஓரமெல்லாம் பழுப்பு.
வேண்டும் வேண்டும் என்றிருந்தவளுடையதில்
அங்கொரு திட்டு, இங்கொரு திட்டு.
இரண்டையும் பக்கத்தில் வைத்து
மார்க் போடுவது என் வேலை.
47-க்கு, மூன்றுக்கு ஒன்று.

வியாழக்கிழமை ஒருவர் வந்தார்,
கையெழுத்திட்ட படிவத்தோடு. மூலையில் 47.
சென்னியப்பன். வீரபாண்டிப் பக்கம் சாயப்பட்டறை.
நகக்கண்ணெல்லாம் நேவி புளூ.

"ஏனுங்க, எங்களுது என்னாச்சுங்க?"

தனித்தனியா சொல்ல மாட்டோமுங்க,
நூறு பேரையும் சேர்த்துத்தான், என்றேன்.
போகவில்லை.

"ஸ்கூட்டில போனா, பப்பாளி தின்னா,
தீபாவளி ஆர்டருக்கு ஓவர்டைம் பார்த்தான்னு
எங்கம்மா அடுக்கிட்டே இருக்குதுங்க.
அவ வாயே தொறக்கறதில்லீங்."

மேசைமேல் சாய ஜாடிகளைப் பார்த்தார்.
"இங்கயும் நம்ம தொழில்தானுங்களா?
லாட்டு திட்டுத் திட்டா வந்துச்சுன்னா
நாங்க கேக்கறது
நூல்ல குத்தமா, சாயத்துலயா, தண்ணி கடுசான்னுதானுங்க.
தைக்கிற புள்ளைய ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

அவர் மனைவி பனியன் கம்பெனியில் டெய்லராம்.

எனக்குப் பதில் தெரியாது.
நொதி குறைந்து துடிப்பு நின்றதா,
துடிப்பு நின்ற பிறகு
ஆளில்லாத வீட்டில் விளக்கு அணைவதுபோல்
நொதி குறைந்ததா?
எங்கள் டாக்டரே "ஒருவேளை" என்றுதான்
எழுதி அடித்து எழுதுகிறார்.

ஆனாலும் ஒன்று தெரியும். சொன்னேன்:
ஸ்கூட்டியால இல்லீங்க. பப்பாளியாலயும் இல்லீங்க.
அந்தப் புள்ள செஞ்சது எதனாலயும் இல்லீங்க.

"எழுதிக் குடுப்பீங்களா?"

படிவத்தின் பின்பக்கம் எழுதினேன்.
சீல் வைக்க எனக்கு அதிகாரமில்லை, என்றேன்.

"இருக்கட்டுமுங்க.
எங்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது.
அவளுக்குத் தெரியும்."