வடிவு

சின்னக்கடைச் சந்தியில்
ஒரு சுண்ணாம்புச் சுவர்.
மூன்றரை மணிக்கு வெயில் அதை
மூலைக்கு மூலை வெட்டும்.
அந்தக் கோட்டை யாராவது மிதிக்கட்டுமென்று
மூன்று நாள் நின்றேன்.
ஒரு சைக்கிள். ஒரு நாய்.
குடைக்குள் ஒரு புரக்டர்.
கோடு அவர்களைப் பொருட்படுத்தவில்லை.

நாலாம் நாள்
கடகத்தோடு பறுவதம் வந்தாள்.
சுவரில் ஒரு கறுப்பு வட்டம்,
கீழே நீண்டு இரண்டு கால்.
அவ்வளவுதான் அவள்.
அழுத்தினேன்.

வெள்ளிக்கிழமை படத்தைக் கொடுத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"எங்க தம்பி என்ர முகம்?"
நிழல், வடிவம் என்று ஏதோ சொன்னேன்.
"முகமில்லாம என்ன வடிவு?
நான் தலையோடதானே மீன் விக்கிறன்."

கடகத்தை இறக்கினாள்.
மேலே கிடந்த விளைமீனின் கண்ணில்
அந்தச் சுவர்,
மிகச் சின்னதாய்,
கோடு சாய்ந்து விழுந்தபடி.